முதலாளி சம்பளக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் யூஐஎஃப் பணம் ஏன் நிற்கிறது, அதை எப்படி மீட்பது

தென்னாப்பிரிக்காவில் வேலை போனவர், யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை கேட்டு, அரசின் தொழிலாளர் அலுவலகமான லேபர் சென்டர் ஜன்னலில் தன் அடையாள எண்ணைக் கொடுக்கிறார். அலுவலர் திரையைப் பார்த்துவிட்டு, கணக்கு ஏறவில்லை, முதலாளியிடம் கேட்டு வாருங்கள் என்கிறார். முதலாளியோ மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது என்கிறார். பேஸ்லிப்பிலும் யூஐஎஃப் பிடித்தம் தெளிவாக இருக்கிறது. டர்பன், வெருலம், பைன்டவுன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எந்த ஊர் சென்டருக்குப் போனாலும் இந்த நிலையில் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். இதில் யாருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். அது எப்படி என்று புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதலாளிக்கு மாதாமாதம் இரண்டு கடமைகள். முதலாவது, பணம் கட்டுவது. தொழிலாளியின் சம்பளத்தில் 1 சதவீதம், முதலாளியின் பங்காக இன்னொரு 1 சதவீதம். மாதம் 8,000 ராண்ட் சம்பளம் என்றால் 80-ம் 80-ம் சேர்த்து 160 ராண்ட். 2021 ஜூன் முதல் சம்பள உச்சவரம்பு மாதம் 17,712 ராண்ட். அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் ஒருவரிடம் 177 ராண்ட் 12 சென்ட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. வரி பிடித்தம் செய்யும் நிறுவனங்கள் இதை இஎம்பி201 படிவத்தில் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டுகின்றன. அடுத்த மாதம் 7-ம் தேதி கடைசி நாள். அது சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாள். தாமதமானால் 10 சதவீதம் அபராதமும் வட்டியும் உண்டு. இதற்குப் பயந்தே பெரும்பாலான முதலாளிகள் பணத்தை நேரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் இஎம்பி201-ல் போவது மொத்தத் தொகை மட்டும். இருபது பேருக்குச் சேர்த்து 3,200 ராண்ட் என்று இருக்குமே தவிர, அந்த இருபது பேர் யார் என்று இருக்காது. பெயர்களைக் கொடுப்பது இரண்டாவது கடமை. அது சார்ஸுக்குப் போவதில்லை, நேராக யூஐஎஃப்புக்குப் போகிறது. படிவத்தின் பெயர் யூஐ-19. ஒவ்வொருவரின் பெயர், 13 இலக்க அடையாள எண், மொத்தச் சம்பளம், மாதத்தில் வேலை செய்த மணிநேரம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணத்தின் எண் ஆகியவை அதில் இருக்கும். 2001-ம் ஆண்டின் 63-ம் எண் சட்டப்படி, ஒரு மாதத்தில் நடந்த மாற்றங்களை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் தெரிவித்துவிட வேண்டும். இந்த இரண்டாவது கடமையில்தான் அசட்டை. இது தவறினால் முதலாளியின் கைப்பணம் உடனே போவதில்லை. போவது தொழிலாளியின் பணம். உதவித்தொகையைக் கணக்கிடும் கணினிக்கு நீங்கள் கட்டிய பணம் தெரியாது, யூஐ-19-ல் வந்த உங்கள் பெயர்தான் தெரியும்.

எவ்வளவு நட்டம்?

தாமதம் என்றால் பணம் கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. சில சமயம் தொகையே குறைந்துவிடுகிறது. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்கலாம்.

நான்கு ஆண்டுக் காலத்துக்குள் வேலை செய்த ஒவ்வொரு 4 நாளுக்கும் 1 நாள் உதவித்தொகை சேரும். அதிகபட்சம் 365 நாள். ஒருவர் 2023 ஜனவரி 1 முதல் 2025 ஜூன் 30 வரை வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். 912 நாள்; நான்கால் வகுத்தால் 228 நாள் உதவித்தொகை. முதலாளி கொடுத்த கணக்கு 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டால் பதிவில் இருப்பது 547 நாள் மட்டுமே, ஆக 136 நாள். 92 நாள் காணாமல் போகிறது.

ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது சம்பளத்தைப் பொறுத்தது. மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் நாள் சம்பளம். 8,000 ராண்டுக்கு அது 263 ராண்ட் 1 சென்ட். இதில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு சூத்திரம் உண்டு. நாள் சம்பளத்தோடு 232.92-ஐக் கூட்டுங்கள், 7173.92-ஐ அந்தத் தொகையால் வகுங்கள்; வரும் விடையோடு 29.2-ஐக் கூட்டுங்கள். குறைந்த சம்பளக்காரருக்கு 60 சதவீதத்தை நெருங்கும், உச்சவரம்பில் இருப்பவருக்கு 38 சதவீதத்தில் நிற்கும். நம் 8,000 ராண்ட்காரருக்கு 43.67 சதவீதம், நாளுக்கு 114 ராண்ட் 85 சென்ட். முதல் 238 நாளுக்கு இந்த விகிதம். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நாட்களுக்கு வெறும் 20 சதவீதம். காணாமல் போன 92 நாளின் விலை 10,566 ராண்ட். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதற்குள் இருக்கிறது.

சம்பள உயர்வைத் தெரிவிக்காமல் விடுவது இதைவிடச் சத்தமில்லாத தவறு. பதிவில் பழைய 6,500 ராண்டே இருந்தால் நாளுக்கு 96 ராண்ட் 73 சென்ட்தான் வரும். முப்பது நாளுக்கு ஏறக்குறைய 544 ராண்ட் குறைவு. 228 நாளுக்கு 4,131 ராண்ட். பணம் வந்துகொண்டிருப்பதால் வாங்குபவர் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே சொன்ன சூத்திரத்தைச் செல்போன் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டு, முதல் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரசவ உதவித்தொகைக்குச் சதவீதச் சூத்திரம் கிடையாது. எல்லாருக்கும் 66 சதவீதம், 17.32 வாரம், அதாவது சுமார் 121 நாள். குறைந்தது 13 வாரம் வேலை செய்திருக்க வேண்டும். இங்கேயும் அடிப்படை சம்பளம்தான்: 8,000 என்று பதிந்திருந்தால் ஏறக்குறைய 21,000 ராண்ட், 6,500 என்று பதிந்திருந்தால் 17,000 சொச்சம். பிரசவத்துக்கும் நோய் விடுப்புக்கும் யூஐ-19-உடன் யூஐ-2.7 என்ற படிவமும் முதலாளி நிரப்ப வேண்டும். விடுப்பில் இருக்கும்போது முதலாளி ஏதாவது சம்பளம் தருகிறாரா, எவ்வளவு என்று அது சொல்லும். இந்த ஒரு தாளுக்காகக் கைக்குழந்தையோடு அலையும் தாய்மார்கள் ஏராளம். விடுப்புக்குப் போகும் முன்பே, ஏழாம் எட்டாம் மாதத்திலேயே, சம்பளப் பிரிவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எங்கே பிழை வருகிறது

விலகிய தேதியை எழுதாமல் விடுவதுதான் முதல் பெரிய பிழை. கடைசி மாதம் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று சம்பளக் கணக்கர்கள் நினைக்கிறார்கள். போதாது. பெயர், விலகிய தேதி, காரண எண் மூன்றும் சேர்ந்த ஒரு கடைசி வரி போக வேண்டும். போகாவிட்டால் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள். வேலையில் இருப்பவருக்கு வேலையின்மை உதவி கிடையாது.

காரண எண்ணை அவசியம் பாருங்கள். 11 என்றால் ஆட்குறைப்பு, 5 என்றால் ஒப்பந்தம் முடிந்தது, 6 என்றால் தானாக ராஜினாமா. தானாக விலகியவருக்கு வேலையின்மை உதவி கிடையாது. ஆட்குறைப்பில் போனவருக்கு அவசரத்தில் 6 என்று போட்டுவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், திருத்திய யூஐ-19 வரும்வரை எதுவும் நகராது. கடைசி நாளில் கையெழுத்துப் போடும்போது அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

வாரச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நடக்கிறது. வாரம் 1,850 ராண்டை நான்கால் பெருக்கி மாதம் 7,400 என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். சரியான தொகை 8,016 ராண்ட் 67 சென்ட். மாதம் 617 ராண்ட் இப்படியே கரைகிறது. கைக்கு வரும் சம்பளத்தை எழுதுவதும் தவறு. பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்தான் வேண்டும். ஓவர்டைம், ஷிப்ட் காரணமாகச் சம்பளம் மாதத்துக்கு மாதம் பெரிதாக ஏறி இறங்கினால் முந்தைய ஆறு மாதச் சராசரியை எடுப்பார்கள். அந்த ஆறில் இரண்டு மாதம் விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ சராசரியே குலைந்துவிடும்.

அடையாள எண்ணில் ஓர் இலக்கம் மாறுவது, திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியும் பழைய பெயரிலேயே கணக்குப் போவது, நம் நீண்ட பெயர்களை ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு விதமாக எழுதுவது, இவையும் உண்டு. பெயர் எழுத்து மாறினால் சமாளிக்கலாம். எண் மாறினால் உங்கள் மாதங்கள் எல்லாம் வேறொருவர் கணக்கிலோ யாருக்கும் சேராமலோ கிடக்கும். இன்னொன்று முதலாளிகளுக்கு: சார்ஸ் தரும் யூஐஎஃப் எண் ‘யூ’ எழுத்தில் தொடங்கும், யூஐஎஃப் அலுவலகம் தரும் எண் ஏழு இலக்கம், சாய்கோடு, ஓர் இலக்கம் என்று இருக்கும். யூஐ-19-ல் போட வேண்டியது இரண்டாவது.

டிசம்பர் ஷட்டவுன் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலைகளும் கட்டட வேலைகளும் டிசம்பர் நடுவில் மூடி ஜனவரியில்தான் திறக்கின்றன. ஆட்குறைப்பும் பெரும்பாலும் அந்த மூடலோடு சேர்ந்தே நடக்கிறது. டிசம்பர் 13-ல் வேலை போனவரின் கணக்கு ஜனவரி 7-க்குள் போக வேண்டும். சம்பளக் கணக்கரோ அப்போது விடுமுறையில் இருப்பார். மூடும் நாளிலேயே யூஐ-19-ஐக் கையில் வாங்கிவிட்டால், தைப்பூசக் காவடி வரை காத்திருக்கும் நிலை வராது.

வேலையில் இருக்கும்போதே

இதை வேலை போன பிறகு பார்ப்பதைவிட இப்போதே பார்ப்பது நூறு மடங்கு எளிது. யூஐஎஃப்பின் இணையத்தளமான யூஃபைலிங்கில் உங்கள் அடையாள எண்ணைக் கொண்டு தனிநபராகப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலை வரலாறு எந்த முதலாளியின் பெயரில், எந்தத் தேதியிலிருந்து ஏறியிருக்கிறது என்று அதில் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இணையம் கைவராத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் செய்து கொடுக்கலாம்; அடையாள அட்டையுடன் லேபர் சென்டருக்குப் போனாலும் சொல்வார்கள்.

பேஸ்லிப் எதையும் எறியாதீர்கள். முதலாளியின் பெயர், முகவரி, சம்பளக் காலம், தொகை, ஒவ்வொரு பிடித்தமும் எதற்காக என்ற விவரம் எல்லாம் பேஸ்லிப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதவித்தொகை நான்கு ஆண்டுக் காலத்தைப் பார்ப்பதால், நான்கு ஆண்டு பேஸ்லிப்களையும் வைத்திருப்பது நல்லது. செல்போனில் படமெடுத்து வைத்தாலும் பரவாயில்லை, ஆனால் எழுத்து படிக்கும்படி தெளிவாக இருக்கட்டும்.

கணக்கு ஏறவில்லை என்று தெரிந்த பிறகு

முதலில் எந்த மாதங்கள் இல்லை என்று அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “கணக்கு வரவில்லை” என்ற பொதுவான பதிலோடு முதலாளியிடம் போனால், அவர் சார்ஸ் ரசீதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். “2024 ஜூலையிலிருந்து யூஐ-19 இல்லை” என்று போனால் தட்டிக் கழிக்க முடியாது. பணம் கட்டிய ரசீது கேட்கவில்லை, பெயர்ப் பட்டியல்தான் கேட்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பல முதலாளிகளுக்கே இந்த வேறுபாடு தெரியாது. அவர்கள் விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக யூஐ-19 அனுப்பிப் பின்னோக்கிச் சரிசெய்யலாம். யூஃபைலிங்கிலும் செய்யலாம், படிவமாகவும் கொடுக்கலாம்.

வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி, ஏழு வேலை நாள் கெடு கொடுங்கள். பின்னால் இதுதான் சாட்சி.

ஆனால் முதலாளிக்காகக் காத்திருந்து உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையின்மை உதவிக்கு வேலை போனதிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத்துக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து 12 மாதம், நோய்க்கு 6 மாதம், குடும்பத்தில் உழைத்தவர் இறந்தால் 18 மாதம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தாள்களைப் பின்னால் சேர்க்கலாம். நாள் கடந்துவிட்டால் அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலாளி கடைசிவரை தராவிட்டால் அடையாள அட்டை, பேஸ்லிப்கள், சம்பளம் வந்ததைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட், வேலை ஒப்பந்தம் அல்லது பணிச் சான்றிதழ், நீங்கள் எழுதிக் கேட்ட செய்திகள், இவற்றோடு ஒரு சத்தியப் பத்திரமும் எடுத்துக்கொண்டு லேபர் சென்டருக்குப் போங்கள். சத்தியப் பத்திரத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகச் சான்றளித்துத் தருவார்கள். எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள், ஏன், சம்பளம் எவ்வளவு, யூஐ-19 எப்போது கேட்டீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஜன்னலில் நின்று முறையிடுவதோடு நிறுத்தாமல், முதலாளி மீது ஆய்வாளர் நடவடிக்கை வேண்டும் என்று புகாராகப் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியதற்கு யூஐஎஃப் ஆணையரைத் திருப்திப்படுத்தும் சான்று காட்டினால் நீங்கள் பங்களிப்பாளர்தான். 1 சதவீதப் பிடித்தம் தெரியும் பேஸ்லிப்புக்கு இதனால்தான் இவ்வளவு மதிப்பு.

கம்பெனியே திவாலாகி மூடிவிட்டதென்றால் யூஐ-19 தர வேண்டியவர் அதன் சொத்து, கடன்களைத் தீர்த்துவைக்க நியமிக்கப்பட்ட லிக்விடேட்டர். அவர் யார் என்று டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ உள்ள உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

2020-ல் கோவிட் ஊரடங்கில் சம்பளம் இழந்தவர்களுக்காக யூஐஎஃப்பின் டெர்ஸ் உதவி வந்தபோது, முதலாளி பெயர் கொடுக்காததால் ஏராளமானோர் வெளியே நின்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் விதியைத் திருத்தி, பதியப்படாத தொழிலாளர்களையும் சேர்த்தார்கள். அந்தத் திருத்தம் டெர்ஸுக்கு மட்டுமே பொருந்தும். வழக்கமான உதவித்தொகையில் அதைக் காட்டிக் கேட்பதில் பயனில்லை.

சாஸா 370 ராண்டும் நிற்கும்

யூஐஎஃப் கிடைக்காதவர்கள் அடுத்துப் போவது, அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாஸா தரும் எஸ்ஆர்டி என்ற துயர்நிவாரண உதவிக்கு. 2024 ஏப்ரல் முதல் மாதம் 370 ராண்ட். மாத வருமானம் 624 ராண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சாஸா ஒவ்வொரு மாதமும் யூஐஎஃப், சார்ஸ், வங்கிப் பதிவுகளோடு உங்கள் அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறது. விலகிய தேதி ஏறாத ஒருவர் அங்கே வேலையில் இருப்பவராகத் தெரிவார். யூஐஎஃப்பில் பதிவு உள்ளது என்ற காரணத்தோடு மறுப்பு வரும். ஒரே ஒரு விடுபட்ட தேதி இரண்டு கதவுகளையும் அடைத்துவிடுகிறது.

மறுக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும்; முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். மேல்முறையீடு மட்டும் போட்டுவிட்டு யூஐ-19-ஐத் திருத்தாமல் விட்டால் அடுத்த மாதமும் அதே மறுப்புதான் வரும். திருத்தமும் மேல்முறையீடும் சேர்ந்தே நடக்கட்டும்.

ஆள் வைத்து வேலை வாங்கும் நம்மவர்களுக்கு

முதலாளி என்றதும் பெரிய ஆலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் உதவிக்கு ஆள் வைத்திருப்பவரும் முதலாளிதான். வீட்டுவேலை செய்பவர்கள் 2003 ஏப்ரல் முதல் யூஐஎஃப்புக்குள் இருக்கிறார்கள். மாதம் 24 மணிநேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு மட்டுமே விலக்கு. வாரம் ஒரே ஒரு நாள், எட்டு மணிநேரம் வந்தாலும் மாதம் 34 மணிநேரத்தைத் தாண்டிவிடும்; ஆகவே பதிய வேண்டும். இதற்கான படிவம் யூஐ-8டி.

கோவில் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். குருக்கள், சமையல்காரர், துப்புரவு செய்பவர் ஆகியோருக்குச் சம்பளம் கொடுக்கும் சபையும் முதலாளிதான். பொருளாளர் பதவி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கைமாறும். யூஃபைலிங் கடவுச்சொல் பழைய பொருளாளரிடமே தங்கிவிடும். அந்த மாதத்தோடு கணக்கு நின்றுவிடும். மூன்று ஆண்டு கழித்து அந்தச் சமையல்கார அம்மா நோயில் படுக்கும்போதுதான் அது வெளியே வரும். பொறுப்பை ஒப்படைக்கும்போது வங்கிப் புத்தகத்தோடு யூஐஎஃப் எண், கடவுச்சொல், கடைசியாக அனுப்பிய யூஐ-19-ன் நகல் ஆகிய மூன்றையும் கொடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். புதிய பொருளாளர் அடுத்த 7-ம் தேதிக்கு முன் ஒருமுறை உள்ளே நுழைந்து, எல்லார் பெயரும் இப்போதைய சம்பளத்தோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.